விட்டுக்கொடுப்பு: கொடையா, இழப்பா?

எமது சமூகங்களில் மிகுதியாகப் பயன்படுத்தப்படுவதும் மிகக் குறைவாக ஆராயப்படுவதுமான சொற்களுள் 'விட்டுக்கொடுப்பு' என்பதும் ஒன்றாகும். திருமண வீட்டில் மணமக்களுக்குக் கூறப்படும் முதல் அறிவுரை அதுவே. பள்ளிவாசல் நிர்வாக சபையும் மத்தியஸ்த சபையும் வழக்காளிகளிடம் வேண்டுவதும் அதுவே. அரசியல் மேடைகளில் "நாம் விட்டுக்கொடுத்தது போதும்" என்று ஒரு தரப்பும், "அவர்கள் சற்று விட்டுக்கொடுத்தால் என்ன?" என்று மறு தரப்பும் உரைப்பதை அம்பாறைக் கரையோரத்தில் வாழும் எவரும் கேட்டிருப்பர். 'விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை' என்னும் முதுமொழி இச்சொல்லுக்கு ஓர் ஒளிவட்டத்தையே அளித்துவிட்டது. எனினும், விடப்படுவது எது, அது யாருடையது, அதனைக் கொடுப்பவர் யார் என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிது. அவ்வினாக்களை எழுப்பாது விட்டதன் விளைவுகள் எமது வீடுகளிலும் காணிகளிலும் ஊர் எல்லைகளிலும் படிந்து கிடக்கின்றன. ஆகவே இச்சொல்லைச் சற்று விரித்து நோக்குவது பயனுடையதாகும்.

ஒரு சொல், இரு முகங்கள்

'விடுதல்', 'கொடுத்தல்' என்னும் இரு வினைகள் இணைந்து பிறந்தது இச்சொல். விடுதல் என்பது பிடியைத் தளர்த்துதல். கொடுத்தல் என்பது பெறுநர் ஒருவரை முன்வைத்துச் செய்யப்படும் செயல். இவை இரண்டும் சேரும்போதுதான் அது விட்டுக்கொடுப்பாகிறது. பெறுநரைக் கருதாது வெறுமனே விட்டுவிடின் அது 'கைவிடுதல்'. மனம் இசையாது போக விடின் அது 'இழத்தல்'.

தமிழில் 'கொடு' என்னும் துணைவினை வேறு சில சொற்களிலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'எழுதிக்கொடுத்தல்' என்பது ஆவணத்தின் மூலம் உரிமையை மாற்றுதல். 'பறிகொடுத்தல்' என்பது பிறர் பறித்துச் செல்ல இழந்து நிற்றல். அங்கே கொடுத்தவர் எவருமில்லை. ஆயினும் மொழி, இழந்தவரையே கொடுத்தவர்போல் நிறுத்துகிறது. 'காட்டிக்கொடுத்தல்' என்பதோ துரோகம். விட்டுக்கொடுத்தல், எழுதிக்கொடுத்தல், பறிகொடுத்தல், காட்டிக்கொடுத்தல் ஆகிய நான்கும் வடிவில் உடன்பிறப்புகள்; பொருளில் ஒன்றுக்கொன்று பகை. எமது பிரதேசத்தின் அண்மைக்கால வரலாறு, இந்நான்கும் ஒன்றாகக் குழப்பப்பட்டதன் வரலாறு என்று கூறினும் மிகையாகாது.

விட்டுக்கொடுத்தல் என்னும் சொல்லே தனக்குள் முரண்பட்ட இரு கருத்துகளைச் சுமக்கிறது. 'அவர் விட்டுக்கொடுக்கும் குணமுடையவர்' என்பது புகழுரை. 'அவர் தம்மவரை எவரிடத்தும் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார்' என்பதும் புகழுரையே. முன்னையதில் விட்டுக்கொடுத்தல் அறம். பின்னையதில் விட்டுக்கொடாமை அறம். இதன் நுட்பம் எளிதானது. தன்னுடையதை விட்டுக்கொடுப்பவரை நாம் போற்றுகிறோம். தன்னை நம்பியிருப்பவரை விட்டுக்கொடுப்பவரை நாம் இகழ்கிறோம். இந்த வேறுபாட்டை மனங்கொண்டால் இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி விளங்கிக்கொள்ள இலகுவானதாக அமையும்.

ஹக்கும் ஹலாலாக்குதலும்

தமிழ் பேசும் முஸ்லிம்களிடத்தில் இக்கருத்து அரபு மொழிவழி வந்த சொற்களாலும் வழங்குகிறது. உரிமையை 'ஹக்' என்கிறோம். மனிதருக்கு மனிதர் கடமைப்பட்டுள்ள உரிமைகள் 'ஹுகூகுல் இபாத்' எனப்படும். ஒருவர் மரணித்தால், அவர் எவருக்கேனும் கடன்பட்டிருப்பின் தம்மிடம் கேட்டுப் பெறுமாறு அல்லது மனமுவந்து ஹலாலாக்கிவிடுமாறு ஜனாஸாத் தொழுகையின்போது குடும்பத்தார் அறிவிப்பதை நாம் அறிவோம். கடன் கொடுத்தவர் அதனைத் தள்ளிவிடுவது 'இப்ரா'. குற்றமிழைத்தவரை மன்னிப்பது 'அஃப்வ்'. உள்ள பொருளைக் கைம்மாறு கருதாது வழங்குவது 'ஹிபா'. இரு தரப்பும் இணங்கிச் செய்துகொள்ளும் சமாதானம் 'ஸுல்ஹ்'. தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை மார்க்கச் சட்டம் இவ்வாறு வகைபிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனைகளை விதித்துள்ளமை கவனத்திற்குரியது.

அந்நிபந்தனைகளுள் மூன்று இங்கு முக்கியமானவை. முதலாவது, விடப்படும் உரிமை ஏற்கனவே தோன்றியிருத்தல் வேண்டும். பெற்றோர் உயிருடன் இருக்கையில் 'எனக்கு வரவிருக்கும் பங்கை விட்டுக்கொடுத்தேன்' என்று வாரிசொருவர் கூறுவது, இன்னும் பிறவாத உரிமையைத் துறப்பதாகும், அதற்கு வலுவில்லை. இரண்டாவது, மனப்பொருத்தம் இருத்தல் வேண்டும். மஹரில் ஒரு பகுதியை மனைவி விட்டுக்கொடுப்பதைப் பற்றி அல்குர்ஆனின் 'அந்நிஸா' அத்தியாயம் பேசுமிடத்து, அது அவளது மனவிருப்பத்துடன் நிகழ்வதையே நிபந்தனையாகக் கொள்கிறது. மூன்றாவது, விட்டுக்கொடுப்பவர் அப்பொருளுக்கு உரியவராக இருத்தல் வேண்டும். அநாதைப் பிள்ளையின் சொத்தைப் பராமரிக்கும் பாதுகாவலர் எத்துணை நல்லெண்ணம் உடையவராயினும், அதனைத் தானமாக வழங்க அவருக்கு அதிகாரம் இல்லை.

வீட்டுக்குள் நிகழும் விட்டுக்கொடுப்பு

மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரையான கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் வழக்கங்களுள் தாய்வழிக் குடிமுறையும், மணமகன் மனைவியின் வீட்டில் சென்று வாழும் முறையும் குறிப்பிடத்தக்கவை. பெண்ணுக்கு வீடு கொடுத்தே திருமணம் செய்துவைக்கிறோம். பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வளவில் சிறிய வீடொன்றை அமைத்துக்கொண்டு இளைய மகளுக்காக மீண்டும் கட்டத் தொடங்குவர். சகோதரியின் வீட்டுக்காக வெளிநாடு சென்று உழைக்கும் சகோதரர்கள் இங்கு எண்ணற்றோர். தமது இளமையையே விட்டுக்கொடுக்கும் அவர்களது தியாகத்தை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது.

சிக்கல் பெற்றோரின் மறைவுக்குப் பின்னரே எழுகிறது. வயற்காணியைப் பங்கிடும் வேளையில், "உனக்குத்தான் வீடு கிடைத்துவிட்டதே, பூமியில் உள்ள பங்கை விட்டுக்கொடு" என்று சகோதரியிடம் கேட்கப்படுகிறது. இங்கு சட்டத்தின் நிலை என்ன? 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டம், உயில் இன்றி இறக்கும் முஸ்லிமின் சொத்துக்கு அவர் சார்ந்த மத்ஹபின் சட்டத்தையே ஏற்புடையதாக்குகிறது. அதன்படி மகளின் பங்கு மகனின் பங்கில் பாதி. பெற்றோர் தமது வாழ்நாளில் முறையாகக் கொடுத்து முடித்த அன்பளிப்பு அப்பங்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. கிழக்கின் தமிழருக்கு ஏற்புடையதான பொதுச் சட்டத்திலோ நிலை வேறு. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணத்தின்போது ஏனைய பிள்ளைகளைவிட மேலதிகமாகப் பெற்றதைப் பொதுக் கணக்கில் சேர்த்த பின்னரே பங்கீடு நிகழவேண்டும். பெற்றோர் அதிலிருந்து விலக்களித்திருந்தால் மாத்திரம் அது பொருந்தாது. ஒரே வளவு வேலியின் இருபுறமும் வாழும் இரு சகோதரிகளுக்கு ஒரே கேள்விக்கு இரு வேறு விடைகள் உள்ளன. இதனை அறியாமலே இருவரும் தலையசைத்து விடுகின்றனர்.

அத்தலையசைப்புக்குச் சட்டத்தில் என்ன பெறுமதி? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அசையாச் சொத்தின் உரிமையை மாற்றும் ஆவணம் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஒரே வேளையில் சமுகமளிக்கும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும். ஆகவே வாய்மொழியால் 'விட்டுத்தந்தேன்' என்ற சகோதரியின் உரிமை காணியில் அப்படியே நிற்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து அவளது பிள்ளைகள் அதனைக் கேட்கும்போது, "உங்கள் தாய் அன்றே விட்டுக்கொடுத்துவிட்டாரே" என்னும் விடை வருகிறது, வழக்கும் தொடங்குகிறது. உண்மையான மனப்பொருத்தம் இருந்திருப்பின் அதனை உறுதியாக எழுதியிருக்கலாம். எழுதுவதற்கு எவரும் துணியவில்லையெனில், அந்த மனப்பொருத்தத்தைப் பற்றி ஐயுறுவதற்கு இடமுண்டு.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை இதே வினாவைப் பேரளவில் எழுப்பியது. நாட்டின் மாவட்டங்களுள் மிக அதிகமான உயிரிழப்பு நேர்ந்தது அம்பாறையில்தான். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊர்கள் பலவற்றின் கரையோர வரிசைகள் அழிந்தொழிந்தன. அங்கு அழிந்த வீடுகளுள் பெரும்பாலானவை பெண்களின் பெயரில் இருந்தவை. மீள்குடியமர்த்தலின்போதோ 'குடும்பத் தலைவர்' என்னும் நிர்வாகக் கருத்தாக்கமே முதன்மை பெற்றது. படிவத்தில் குடும்பத் தலைவராகக் கணவரின் பெயர் எழுதப்பட, புதிய வீட்டின் உரித்தும் பல இடங்களில் அவர் பெயருக்கே சென்றது. தாய்வழியாக இறங்கிவந்த வீட்டுரிமையை எந்தப் பெண்ணும் மனமுவந்து விட்டுக்கொடுக்கவில்லை. எவரும் அவர்களிடம் கேட்கவுமில்லை. பெண்கள் அமைப்புகள் இதனை அக்காலத்திலேயே சுட்டிக்காட்டியிருந்தமை குறிப்பிடத்தக்கது. விட்டுக்கொடுப்பு என்று எவராலும் பெயரிடப்படாமலேயே நிகழ்ந்த பறிகொடுப்பு இதுவாகும்.

மௌனம் சம்மதமாகுமா?

பேசாதிருப்பதும் சில வேளைகளில் உரிமையைக் கரைத்துவிடும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியாருக்குரிய காணி ஒன்றை உரிமையாளருக்கு எதிராகப் பத்தாண்டுகள் இடையறாது ஆண்டுவருபவர் அதற்கு உரித்துடையவராகலாம். உரிமையாளரின் மௌனத்தைச் சட்டம் ஒருவகை விட்டுக்கொடுப்பாகவே கொள்கிறது. இதற்கும் எல்லையுண்டு. உடன்பங்காளர் ஒருவர் காணியில் இருப்பது ஏனைய பங்காளருக்காகவும் இருப்பதாகவே பொதுவாகக் கருதப்படும். சகோதரன் நெடுங்காலம் வயல் செய்தான் என்பதால் மாத்திரம் சகோதரியின் பங்கு அற்றுப்போவதில்லை.

அச்சத்தால் விளைந்த மௌனத்தை என்னென்பது? 1990இல் எமது மாகாணம் கண்ட கொடுமைகளை இரு சமூகத்தாரும் நன்கறிவர். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். ஏறாவூரில் முஸ்லிம்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். வீரமுனையில் தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் ஊரைவிட்டு ஓடினர். அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். இவர்கள் எல்லோரும் வீட்டையும் காணியையும் விட்டுத்தான் வந்தனர். எவருக்கும் கொடுத்துவிட்டு வரவில்லை.

இவ்வேறுபாட்டை நாட்டின் சட்டமே பின்னர் ஏற்றுக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலவிதிப்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டம், ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் 1983 மே 1ஆம் திகதிக்கும் 2009 மே 18ஆம் திகதிக்கும் இடையில் தமது காணியுரிமையை நாடமுடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்று விதித்தது. அச்சத்தால் வாய்மூடியிருந்தவரை விட்டுக்கொடுத்தவர் என்று எண்ணலாகாது என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து. காணிக்கு ஏற்ற இந்நியாயம் அரசியல் உரிமைக்கும் ஏற்றதே.

எல்லைக்கோட்டின் இருபுறமும்

இனி கல்முனைக்கு வருவோம். வடக்கிலிருந்து தெற்காகப் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் மாறிமாறி அமைந்த இக்கரையில், நேரான கோடொன்றைக் கீறி இரு சமூகங்களையும் பிரித்துவிடல் இயலாது. 1987க்கு முன்னர் கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகளுமாக நான்கு உள்ளூராட்சி மன்றங்கள் இங்கு இருந்தன. பிரதேச சபை முறை வந்தபோது அவை ஒன்றாக்கப்பட்டன. பின்னர் அது நகர சபையாகி, 2000களில் மாநகர சபையாகவும் தரமுயர்ந்தது.

அதன் பின்னர் மூன்று கோரிக்கைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. 1989 முதல் இயங்கிவந்த கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுடையதாகத் தரமுயர்த்துமாறு தமிழர் கோரினர். 2019 ஜூன் மாதத்தில் பௌத்த துறவி ஒருவரும் இந்து மதகுருவும் மாநகர சபை உறுப்பினர்களும் உண்ணாவிரதம் இருந்தமையும், அதற்கு எதிராக முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் மேற்கொண்டமையும் நாடறிந்தவை. சாய்ந்தமருது மக்கள் தமக்கெனத் தனி உள்ளூராட்சி மன்றம் கோரினர். 2018 தேர்தலில் சுயேச்சைக் குழுவை ஆதரித்து அதனை வலியுறுத்தினர். 2020 பெப்ரவரியில் அதற்கான வர்த்தமானி அறிவித்தல் வெளியாகி, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. சாய்ந்தமருது பிரிந்தால் எஞ்சிய மாநகரில் தமது பெரும்பான்மை தளர்ந்துவிடும் என அஞ்சிய கல்முனை முஸ்லிம்கள், பிரிப்பதாயின் முன்னர்போல் நான்காகவே பிரிக்கவேண்டும் என்றனர்.

இங்கு ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பைப் பார்த்து 'விட்டுக்கொடு' என்கிறது. தமிழரின் கோரிக்கை, தமது அலுவல்களைத் தமது செயலகத்திலேயே நிறைவேற்றிக்கொள்ளும் உரிமை பற்றியது. முஸ்லிம்களின் அச்சம், தலைமுறைகளாக வளர்த்தெடுத்த வர்த்தக நகரம் எந்த எல்லைக்குள் விழும் என்பது பற்றியது. முன்னையது சேவை குறித்த வினா. பின்னையது நிலம் குறித்த வினா. இவ்விரண்டையும் ஒரே தட்டில் இட்டு 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என நிறுத்தியமையே தீர்வு நீண்டதற்கு முதற் காரணம் என்பது எமது கருத்து. செயலகத்தின் அதிகாரத்தை ஏற்பதால் முஸ்லிம்கள் நகரை இழந்துவிடுவதில்லை. நகர எல்லையை இருதரப்பும் இருந்து பேசித் தீர்க்க இணங்குவதால் தமிழர் செயலகத்தை இழந்துவிடுவதுமில்லை.

பாதுகாவலரும் உரிமையாளரும்

இத்தகைய பேச்சுகளில் விட்டுக்கொடுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது? 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டு வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டபோது, கிழக்கு முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. கிழக்கில் நடத்தப்படும் என்று கூறப்பட்ட சர்வஜன வாக்கெடுப்பும் நடைபெறவில்லை. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அவ்விணைப்பைச் செல்லுபடியற்றதாக்கியதும், 2007 ஜனவரி 1ஆம் திகதி மாகாணங்கள் பிரிந்தன. அப்பொழுது தமிழரிடம் எவரும் கேட்கவில்லை. 2005 ஜூன் மாதத்தில் ஆழிப்பேரலை நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பு அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் கைச்சாத்தானபோது, பேரிழப்பைச் சந்தித்த முஸ்லிம்கள் ஒப்பமிடும் தரப்பாக அமையவில்லை. தம்மைக் கேளாமல் தமது பங்கு பேசப்பட்டது என்ற உணர்வு இரு சமூகங்களுக்கும் பொதுவானது.

மேலே கூறிய பாதுகாவலர் விதி இங்கு துணைவருகிறது. மக்களின் பிரதிநிதி உரிமையாளர் அல்லர், அமானிதத்தைச் சுமப்பவர். தமது பதவியை, பெயரை, தேர்தல் வாய்ப்பை அவர் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம்; அவை அவருடையவை. மக்களின் காணியையும் செயலகத்தையும் வாக்குரிமையையும் விட்டுக்கொடுப்பதாயின், அதனை வெளிப்படையாக மக்கள் முன் வைத்து, பெறுவது இன்னது, விடுவது இன்னது என்று விளக்கிய பின்னரே செய்யவேண்டும். எமது அனுபவம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அமைச்சுப் பதவிக்காக மக்களின் கோரிக்கை மௌனமாக்கப்படுவதும், வாக்குக்காக அயலவரின் நியாயம் மறுக்கப்படுவதும் இரு தரப்பிலும் நிகழ்ந்தவையே.

இரு சமூகங்களின் நினைவிலும் இதற்கான முன்மாதிரிகள் உள்ளன. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்கள் உடன்படிக்கையில் தமது தூதர் என்ற அடைமொழியை நீக்கவும், அவ்வாண்டு உம்ரா செய்யாது திரும்பவும் இணங்கினார்கள். தோழர்கள் பலருக்கு அது தாங்கவொண்ணாததாக இருந்தது. ஆயினும் கஃபாவைத் தரிசிக்கும் உரிமை அங்கு துறக்கப்படவில்லை. மறு ஆண்டுக்கு எழுத்தில் உறுதிசெய்யப்பட்டது. விடப்பட்டது சொல்லும் காலமுமே, காக்கப்பட்டது உரிமை. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் நிகழ்த்தப்படும் பாரதக் கதையோ மறுபக்கத்தைக் காட்டுகிறது. நாட்டில் பாதிக்கு உரியவர்கள் ஐந்து ஊர்கள் போதும் என்று இறங்கிவந்தனர். பெற்றுக்கொள்ள வேண்டிய தரப்பு அதனைப் பலவீனம் என எண்ணி மறுத்தது. விட்டுக்கொடுப்பு நிறைவெய்த, கொடுப்பவரின் பெருந்தன்மையோடு பெறுபவரின் நிதானமும் தேவை என்பதை, கல்முனைக்கு அருகிலேயே தீ மிதித்து நினைவுகூரும் மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே 'விட்டுக்கொடுங்கள்' என்று எவரேனும் எம்மிடம் கூறுமிடத்தும், நாம் பிறரிடம் கூறுமிடத்தும் நான்கு விடயங்களை உறுதிசெய்துகொள்வோம். விடப்படுவது இன்னதென்பதை விடுபவர் முழுமையாக அறிந்திருக்கிறாரா? அது அவருக்கே உரியதா? மறுப்பதற்கு அவருக்கு உண்மையான சுதந்திரம் இருந்ததா? இணங்கியது எழுத்தில் உள்ளதா? சகோதரியின் வயற்பங்குக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். பிரதேச செயலகத்தின் எல்லைக்கும் பொருந்தும். இவற்றுள் ஒன்றுக்கேனும் 'இல்லை' என்பது விடையாயின், அங்கு நிகழ்வதற்கு வேறு பெயர் உண்டு. அப்பெயரைச் சொல்ல நாம் தயங்கலாகாது. நான்குக்கும் 'ஆம்' என்பது விடையாயின், அந்த விட்டுக்கொடுப்பை இரு கைகளாலும் ஏற்று, எமது பங்கிலிருந்தும் ஒன்றைக் கொடுப்பதற்கு முன்வருவோமாக.